கன்றுகளை விட்டு நடந்த பசுக்கள்: வேதாகமம் காட்டும் சோதித்தறியும் வழி

போன மாதம் எங்கள் சபையின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பழைய செய்தி மறுபடியும் வந்தது. நாசா விஞ்ஞானிகள் கம்ப்யூட்டரில் கிரகங்களின் பாதையைப் பின்னோக்கிக் கணக்குப் போட்டார்களாம். காலக்கணக்கில் ஒரு நாள் குறைந்ததாம். அது யோசுவாவின் காலத்தில் சூரியன் நின்ற நாள் என்று கண்டுபிடித்தார்களாம். வரிசையாக 'ஆமென்' விழுந்தது. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற ஒரு பையன் மட்டும், "அண்ணா, இது எங்க வந்திருக்கு? நாசா தளத்துல தேடிப் பாத்தேன், இல்லையே" என்று கேட்டான். சபைப் பெரியவர் ஒருவர் உடனே பதில் போட்டார்: "தம்பி, விசுவாசம் வேணும். சந்தேகப்படாதே."

அதற்குப் பிறகு அவன் எதுவும் எழுதவில்லை. எனக்குத்தான் மனசு ஆறவில்லை. சண்டே ஸ்கூலில் அவனுக்குப் பாடம் எடுத்தவன் நான். "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்ற வசனத்தை அவனை மனப்பாடம் செய்ய வைத்தவனும் நான்தான். அவன் அதைச் செய்தான், அதற்காகவே வாயடைக்கப்பட்டான்.

வேதாகமமும் அறிவியலும் என்று பேச்சு எடுத்தாலே நம்மிடையே இரண்டு குரல்கள் கேட்கின்றன. ஒன்று, "கேள்வி கேட்காதே, நம்பு" என்கிறது. இன்னொன்று, "இன்றைய அறிவியல் எல்லாம் வேதத்தில் அன்றே இருக்கிறது" என்கிறது. இரண்டுமே வேதம் உண்மையில் சொல்லிக்கொடுக்கும் ஒரு பழக்கத்தைக் காணாமல் தாண்டிப் போகின்றன. ஒரு பேச்சு காதில் விழுந்தால் அதை எப்படிச் சரிபார்ப்பது என்ற பழக்கம் அது. அறிவியலின் அடித்தளமும் அதுவே. அதை அடியிலிருந்து, எளிதாகப் பார்ப்போம்.

ஒரே சொல், இரண்டு அர்த்தம்

நம் குழப்பத்தில் பாதி, 'சோதனை' என்ற தமிழ்ச் சொல்லிலிருந்தே வருகிறது. கர்த்தருடைய ஜெபத்தில் "எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்" என்று வேண்டுகிறோம். அங்கே சோதனை என்றால் விழவைக்கும் தூண்டுதல். 1 தெசலோனிக்கேயர் 5:21-ல் "சோதித்துப்பார்த்து" என்றால் சரிபார்ப்பது. தமிழில் ஒரே சொல்லாக இருப்பவை கிரேக்க மூலத்தில் இரண்டு வேறு சொற்கள். ஜெபத்தில் வருவது 'பெய்ராஸ்மோஸ்'. பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியது 'தொக்கிமாசோ'. உலோகமும் நாணயமும் அசல்தானா என்று பரிசோதிப்பதற்குப் புழங்கிய சொல் அது.

நகை அடகுக் கடையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். வளையலைக் கொடுத்தால் கடைக்காரர் அதை உரைகல்லில் ஒரு இழுப்பு இழுக்கிறார். கறுப்புக் கல்லில் மஞ்சள் கோடு விழுகிறது. அதன்மேல் ஒரு சொட்டு அமிலம் வைக்கிறார். பித்தளையாக இருந்தால் கோடு கரைந்து மறைந்துவிடும். தங்கமாக இருந்தால் நிற்கும். அவர் நம்மை அவமானப்படுத்த இதைச் செய்வதில்லை. பணம் கொடுப்பதற்கு முன்பு தெரிந்துகொள்ளப் பார்க்கிறார். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: அந்தக் கோடு மறையவும் வாய்ப்பு இருக்கிறது. எந்த உலோகத்தைத் தேய்த்தாலும் நிற்கிற கோடு என்றால், அந்த உரைகல்லால் யாருக்கும் பயன் இல்லை. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுக்க இது திரும்பத் திரும்ப வரும்.

சரி, "உங்கள் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பீர்களாக" என்று உபாகமம் 6:16 சொல்கிறதே? அதே வசனம், "நீங்கள் மாசாவிலே செய்ததுபோல" என்றும் சொல்கிறது. மாசாவில் நடந்தது என்ன? தண்ணீர் இல்லாத இடத்தில் ஜனங்கள் மோசேயோடு வாதாடி, "கர்த்தர் எங்கள் நடுவில் இருக்கிறாரா இல்லையா" என்று கேட்டார்கள். அது தெரிந்துகொள்ளக் கேட்ட கேள்வியாக இல்லை. "நீ என் அம்மாதானே, அப்படின்னா இப்பவே போன் வாங்கிக் குடு" என்று பிள்ளை மல்லுக்கு நிற்கிற மாதிரி, நெருக்கடி கொடுப்பதற்காகக் கேட்டது. அன்பை மிரட்டி நிரூபிக்கச் சொல்வதை வேதம் தடுக்கிறது. ஒரு மனிதனின் பேச்சை, ஒரு செய்தியை, ஒரு தீர்க்கதரிசனத்தைச் சரிபார்ப்பதை வேதம் எங்கும் தடுக்கவில்லை. 1 யோவான் 4:1 "எல்லா ஆவிகளையும் நம்பாமல்" சோதித்தறியுங்கள் என்றே கட்டளையிடுகிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: நெருக்கடி கொடுக்கும் பரீட்சை வேறு, உரைகல்லில் தேய்க்கும் சோதனை வேறு. நாம் பேசப்போவது இரண்டாவதைப் பற்றி.

பெலிஸ்தரின் இரண்டு பசுக்கள்

வேதாகமத்தில் மிக நேர்த்தியாக வடிவமைக்கப்பட்ட சோதனை எது என்று என்னைக் கேட்டால், 1 சாமுவேல் 6ஆம் அதிகாரத்தைக் காட்டுவேன். செய்தவர்கள் இஸ்ரவேலர்கூட இல்லை, பெலிஸ்தர்கள்.

போரில் அவர்கள் இஸ்ரவேலர் புனிதமாகப் போற்றிய உடன்படிக்கைப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பெட்டி போன ஊரிலெல்லாம் கொள்ளைநோய் வந்தது. அஸ்தோத்தில் வந்தது, காத்தில் வந்தது, எக்ரோனில் வந்தது. ஏழு மாதம் இப்படிப் போனது. இது இஸ்ரவேலின் தேவனுடைய கையா, இல்லை தற்செயலாக வந்த நோயா? இதுதான் அவர்கள் முன் இருந்த கேள்வி. ஒரு கேள்விக்கு நாம் வைத்துப் பார்க்கும் தற்காலிகப் பதிலுக்குக் 'கருதுகோள்' என்று பெயர். இங்கே இரண்டு கருதுகோள்கள் மோதுகின்றன.

அவர்களுடைய பூசாரிகள் சொன்ன யோசனை இது. ஒரு புது வண்டி செய்யுங்கள். நுகம் பூட்டாத இரண்டு கறவைப் பசுக்களைப் பிடியுங்கள். அவற்றின் கன்றுகளைப் பிரித்து வீட்டுக்குத் திருப்பிக்கொண்டுபோய் விடுங்கள். பெட்டியை வண்டியில் ஏற்றி, பசுக்களைத் தம் போக்கில் விட்டுவிடுங்கள். அவை எல்லையைத் தாண்டி இஸ்ரவேலரின் பெத்ஷிமேசுக்குப் போகிற வழியில் நேராகப் போனால், இது அவருடைய கை. போகாவிட்டால், நமக்கு நேர்ந்தது தற்செயல்.

மாடு வளர்த்தவர்களுக்கு இதன் ஆழம் உடனே புரியும். பழக்காத மாட்டை முதல் தடவை வண்டியில் பூட்டினால் அது நேராகப் போகாது. இழுக்கும், திமிறும், பக்கவாட்டில் சாயும். அதிலும் கறவைப் பசு. மடி கனத்திருக்கிறது, கன்று வீட்டில் கத்திக்கொண்டிருக்கிறது. அவிழ்த்துவிட்டால் எந்தத் தாய்ப்பசுவும் தொழுவத்தைப் பார்த்துத்தான் ஓடும். அதாவது இயல்பாக நடக்கக்கூடியது எதுவோ, அது முழுவதும் 'தற்செயல்' என்ற பதிலின் பக்கம் நிற்கும்படி சோதனையை அமைத்தார்கள். தங்களுக்கு அச்சமூட்டிய பதில் சுலபமாக ஜெயித்துவிடாதபடி வழியை அடைத்தார்கள்.

பசுக்கள் பெருவழியில் நேராகப் போயின, வலதுபுறமோ இடதுபுறமோ விலகவில்லை. கத்திக்கொண்டே போயின என்று வேதம் சொல்கிறது. அந்தக் கத்தலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். கன்றின் நினைவு அவற்றுக்கு அற்றுப்போகவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். இன்னொரு விவரமும் பாருங்கள். பெலிஸ்தரின் அதிபதிகள் பசுக்களுக்குப் பின்னால்தான் போனார்கள். முன்னால் நின்று யாரும் கயிற்றைப் பிடித்து இழுக்கவில்லை. பார்ப்பவர் முடிவைத் தன் பக்கம் இழுத்துவிடக் கூடாது என்ற எச்சரிக்கை இன்றும் ஆய்வுக்கூடங்களின் அடிப்படை.

'இப்படி நடந்தால் என் கருத்து தவறு' என்று முன்கூட்டியே சொல்லிவிட முடிகிற நிலைக்குப் 'பொய்ப்பிக்கத்தக்க தன்மை' என்று பெயர். இருபதாம் நூற்றாண்டில் தத்துவ அறிஞர் கார்ல் பாப்பர் இதையே அறிவியலின் எல்லைக்கோடாக வைத்தார். அமிலம் பட்டால் மறையக்கூடிய கோடு, திரும்பி வரக்கூடிய பசு, இரண்டும் ஒரே விஷயம்தான்.

கிதியோன் செய்த மாற்றம்

கிதியோனின் கதை எல்லோருக்கும் தெரியும். தேவன் தன் கையால் இஸ்ரவேலை மீட்பாரா என்று அறிய, ஆட்டு மயிருள்ள தோலைக் களத்திலே போட்டான். தோல் மட்டும் நனைந்து தரை காய்ந்திருக்கட்டும் என்றான். காலையில் தோலைப் பிழிந்தபோது ஒரு கிண்ணம் நிறையத் தண்ணீர் வந்தது. ஆனாலும் அவனுக்குத் திருப்தி இல்லை. மறுநாள் தோல் காய்ந்து தரை நனையட்டும் என்று தலைகீழாக்கிக் கேட்டான்.

ஏன் இரண்டாவது இரவு? கம்பளி மயிர் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை ஈரமென்றே தெரியாமல் அது பிடித்து வைக்கும். எனவே தோல் நனைந்து தரை காய்ந்திருப்பதற்கு இயற்கையான காரணம் ஒன்று இருக்க வாய்ப்புண்டு. தோல் காய்ந்து சுற்றியுள்ள தரை முழுக்க நனைந்திருப்பதற்கு அந்தக் காரணம் பொருந்தாது. முதல் முடிவுக்கு வேறு விளக்கம் உண்டா என்று தேடி, அதை அடைக்க இன்னொரு சோதனை வைப்பது, இன்று எந்த ஆய்வாளரும் செய்கிற காரியம். கிதியோன் பயந்து பயந்துதான் கேட்டான், அவனை முன்மாதிரி என்று வேதம் புகழவும் இல்லை. ஆனால் அவன் கடிந்துகொள்ளப்படவும் இல்லை.

பத்து நாள், இரண்டு குழு

பாபிலோனில் நேபுகாத்நேச்சாரின் அரண்மனை. தனக்கும் தன் மூன்று நண்பர்களுக்கும் ராஜாவின் போஜனம் வேண்டாம், பருப்பும் மரக்கறியும் தண்ணீரும் போதும் என்கிறான் தானியேல். பொறுப்பிலிருந்த அதிகாரிக்குப் பயம். இவர்கள் மெலிந்துபோனால் ராஜா தன் தலையை வாங்கிவிடுவார் என்கிறான். தானியேல் அவர்களைப் பார்த்துக்கொண்ட மேல்ஷாரிடம் பேசுகிறான். "எங்களை நம்புங்கள்" என்று அவன் சொல்லவில்லை. பத்து நாள் சோதித்துப் பாரும், பிறகு எங்கள் முகத்தையும் ராஜ போஜனம் சாப்பிடுகிற வாலிபரின் முகத்தையும் ஒப்பிட்டு, நீர் காண்கிறபடி செய்யும் என்கிறான்.

இதில் மூன்று விஷயம் இருக்கிறது. கால அளவு முன்பே குறிக்கப்பட்டது. தீர்ப்பு எதிர்த்தரப்பின் கையில் கொடுக்கப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இருந்தது. மாற்றம் எதுவும் செய்யாமல் ஒப்பீட்டுக்காக வைத்திருக்கும் இந்தக் குழுவைக் 'கட்டுப்பாட்டுக் குழு' என்பார்கள். இது ஏன் தேவை? காய்ச்சலுக்கு நாம் ஒரு கஷாயம் குடிக்கிறோம், மூன்றாம் நாள் சரியாகிறது. கஷாயம் குடிக்காத பக்கத்து வீட்டுக்காரருக்கும் மூன்றாம் நாளே சரியானது என்றால், கஷாயத்தைப் பற்றி நாம் எதுவும் தெரிந்துகொள்ளவில்லை.

1747-ல் பிரிட்டிஷ் கடற்படையின் சாலிஸ்பரி என்ற கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் என்ற வைத்தியர் செய்தது இந்த ஒப்பீட்டைத்தான். நெடுங்கடல் பயணத்தில் ஈறு வீங்கி, பல் ஆடி, கால் தளர்ந்து மாலுமிகள் செத்துக்கொண்டிருந்த ஸ்கர்வி நோய்க்கு அன்று ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். லிண்ட் ஒரே மாதிரி நோயுற்ற 12 பேரை எடுத்தார். எல்லோருக்கும் ஒரே இடம், ஒரே அடிப்படை உணவு. இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆறு வகை மருந்து கொடுத்தார். ஒரு ஜோடிக்கு ஆப்பிள் மது, ஒரு ஜோடிக்கு வினிகர், இன்னொரு ஜோடிக்குக் கடல் தண்ணீர் என்று போனது. ஒரு ஜோடிக்கு மட்டும் தினமும் இரண்டு ஆரஞ்சும் ஒரு எலுமிச்சையும். ஆறு நாளில் பழம் தீர்ந்துவிட்டது. அதற்குள் அந்த ஜோடியில் ஒருவர் வேலைக்குத் திரும்பும் நிலைக்கு வந்தார். மற்றவர் மீதி நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் அளவுக்குத் தேறினார். ஆனாலும் 1795-ல்தான் கடற்படை எலுமிச்சைச் சாற்றைக் கப்பல்களுக்கு முறையாக வழங்கத் தொடங்கியது. கண்டுபிடித்ததை ஏற்றுக்கொள்ள ஏறக்குறைய 50 ஆண்டு. அந்த இடைவெளியில் இறந்தவர்களை நினைத்தால், "நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்ற இரண்டாம் பாதியும் முதல் பாதி அளவுக்கே முக்கியம் என்று தோன்றுகிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தானியேலின் பத்து நாளை வைத்துச் சைவ உணவே உடம்புக்கு நல்லது என்று யாராவது நிரூபணம் காட்டினால் அது தவறு. நான்கு பேர், பத்து நாள், முகத்தைப் பார்த்து முடிவு. உணவியல் முடிவுக்கு அது போதாது. அந்த அதிகாரமும் உணவியல் சொல்ல எழுதப்படவில்லை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, தானியேல் தன் நம்பிக்கையை ஒரு ஒப்பீட்டின் முன் வைக்கத் தயங்கவில்லை என்ற குணத்தை.

சுருக்கமாக: முன்கூட்டியே சொல்லப்பட்ட எதிர்பார்ப்பு, தோற்கவும் வாய்ப்பு, வேறு விளக்கங்களை அடைப்பது, ஒப்பிட ஒரு குழு. ஒரு நல்ல சோதனைக்கான பாகங்களில் முக்கியமானவை இப்போது நம் கையில் இருக்கின்றன.

தரையில் தூவிய சாம்பல்

கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் தானியேல் நூலின் கடைசி அதிகாரமாக ஒரு கதை வருகிறது. சீர்திருத்த சபைகளின் வேதாகமத்தில் அது இல்லை. பேல் என்ற சிலை தினமும் மாவும் 40 ஆடும் திராட்சை மதுவும் உண்பதாக அரசன் நம்புகிறான். இரவில் படையலை வைத்துக் கதவை முத்திரையிடுகிறார்கள். காலையில் முத்திரை அப்படியே இருக்கிறது, படையல் காலி. அரசனுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

தானியேல் முத்திரை இடுவதற்கு முன்பு கோயில் தரை முழுக்கச் சாம்பலைத் தூவ வைத்திருந்தான். காலையில் அரசன் சிலையைப் பார்த்து வியந்து நிற்கும்போது, "தரையைப் பாருங்கள்" என்றான். ஆண்கள், பெண்கள், குழந்தைகளின் காலடித் தடங்கள். 70 பூசாரிகளும் குடும்பத்தோடு ரகசிய வழியாக வந்து தின்றுவிட்டுப் போயிருந்தார்கள். அரசன் கதவைப் பார்த்தான், தானியேல் தரையைப் பார்த்தான். ஒரு கூற்று பொய்யாக இருந்தால் அதன் தடம் எங்கே விழும் என்று யோசித்து, அங்கே சாம்பலைத் தூவுவது பெரிய கலை.

நம்மையே நாம் ஏமாற்றுவது

பூசாரிகள் ஏமாற்றினார்கள், சரி. யாருமே ஏமாற்றாதபோதும் பொய்யான முடிவு வர முடியுமா? முடியும். இதைக் காட்டியவர் மைக்கேல் ஃபாரடே. மின்சாரம் உண்டாக்கும் இயந்திரங்களுக்கெல்லாம் அடிப்படையான மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தவர். சாண்டமேனியர் என்ற சிறிய சபையில் வாழ்நாள் முழுவதும் பக்தியோடு இருந்தவர்.

1853-ல் லண்டனில் மேசை சுழற்றும் மோகம் பரவியது. நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து விரல்களை அதன்மேல் மெதுவாக வைத்துக் காத்திருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் மேசை நகரும், சுழலும். ஆவிகள் நகர்த்துகின்றன என்றார்கள் சிலர். மின்சாரம் என்றார்கள் சிலர். ஃபாரடேயிடம் கேள்விகள் குவிந்தன. அவர் சிரித்து ஒதுக்கவில்லை, உட்கார்ந்து சோதித்தார். மேசையை நகர்த்தியதாகச் சொன்னவர்கள் நேர்மையானவர்கள் என்பதை முதலில் ஏற்றுக்கொண்டார்.

அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவே மென்மையான பசை உருண்டைகளை வைத்து ஒட்டினார். இந்த அடுக்கை மேசைமேல் வைத்து, அதன்மேல் விரல்களை வைக்கச் சொன்னார். மேசை உண்மையிலேயே தானாக நகர்ந்து கைகளை இழுத்துப் போனால், கீழ் அட்டை முந்தும், மேல் அட்டை பின்தங்கும். கைகள் மேசையைத் தள்ளினால், மேல் அட்டை முந்தும். மேசை நகர்ந்த பிறகு அடுக்கைத் திருப்பிப் பார்த்தார். மேல் அட்டைகளே முந்தியிருந்தன. தள்ளியது கைகள்தான்.

அடுத்து, இரண்டு மெல்லிய பலகைகளுக்கு நடுவே கண்ணாடி உருளைகள் வைத்து, கை துளி பக்கவாட்டில் தள்ளினாலும் சாய்ந்து காட்டும் ஒரு முள்ளைப் பொருத்தினார். முள் கண்ணுக்குத் தெரியும்படி வைத்தபோது, மேசை நகர்வதே நின்றுபோனது. தங்கள் கை தள்ளுகிறது என்று தெரிந்த உடனே அவர்களால் தள்ளாமல் இருக்க முடிந்தது. அதுவரை அவர்களுக்கே அது தெரியாது. யாரும் பொய் சொல்லவில்லை. எதிர்பார்ப்பு தசைக்குள் இறங்கி வேலை செய்தது.

எரேமியா 17:9 "எல்லாவற்றைப்பார்க்கிலும் இருதயமே திருக்குள்ளது" என்கிறது. அந்த வசனம் பாவத்தைப் பற்றியது, மேசையைப் பற்றியது இல்லை. ஆனாலும் மனிதன் தன் உள்ளத்தையே முழுதாக நம்ப முடியாது என்று எண்ணுகிறவன், தன் முடிவுகளையும் சோதனைக்கு வெளியே விட்டுவைக்க மாட்டான். நமக்குப் பிடித்த பதிலுக்குச் சாதகமானதை மட்டும் பார்த்து, பாதகமானதை விட்டுவிடும் இந்தப் போக்கை 'உறுதிப்படுத்தும் சார்பு' என்பார்கள். வேதத்தில் அறிவியல் அன்றே இருக்கிறது என்று காட்ட விரும்புகிறவர்களும் இதில் விழுகிறார்கள். யோபு 26:7-ல் பூமியை அந்தரத்திலே தொங்கவைக்கிறார் என்று இருப்பதை எடுத்துக்காட்டுவார்கள். அதே யோபு 9:6-ல் பூமியின் தூண்கள் அதிர்வதாக இருப்பதை விட்டுவிடுவார்கள். இரண்டும் கவிதை. ஒன்றை மட்டும் பௌதிகமாக எடுத்துக்கொள்வது நேர்மை ஆகாது.

பெரோயாவும் பாயிலும்: இன்னொருவர் சரிபார்ப்பது

"தன் வழக்கிலே முதற்பேசுகிறவன் நீதிமான்போல் காணப்படுவான், அவனுடைய அயலானோ வந்து அவனைப் பரிசோதிக்கிறான்" என்று நீதிமொழிகள் 18:17 சொல்கிறது. பஞ்சாயத்தில் உட்கார்ந்தவர்களுக்கு இதைவிட உண்மையான வார்த்தை இல்லை. முதலில் பேசுகிறவர் சொல்வது எப்போதுமே சரியென்றுதான் படும்.

வட கிரேக்கத்தின் பெரோயாவில் பவுல் பேசியபோது, அங்கிருந்தவர்கள் ஆவலோடு கேட்டார்கள், கூடவே "காரியங்கள் இப்படியிருக்கிறதா" என்று தினமும் வேதவாக்கியங்களை ஆராய்ந்தார்கள். பேசியவர் அப்போஸ்தலன். அவரையே சரிபார்த்தவர்களை நற்குணசாலிகள் என்று அப்போஸ்தலர் 17:11 பாராட்டுகிறது. ஆவலும் சரிபார்ப்பும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்க முடியும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் இவர்கள்.

அயர்லாந்தில் பிறந்த ராபர்ட் பாயில் என்ற விஞ்ஞானி இதே மனநிலையை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவந்தார். வேதத்தை மூலமொழிகளில் படிக்க எபிரேயமும் கிரேக்கமும் கற்றவர், ஐரிஷ் மொழியில் வேதாகமம் அச்சாகப் பணம் கொடுத்தவர். 1660-ல் காற்றழுத்தம் பற்றிய சோதனைகளை வெளியிட்டபோது, கருவி எப்படி இருந்தது, எங்கே காற்று கசிந்தது, எது சரியாக வரவில்லை என்பதையெல்லாம் விரிவாக எழுதினார். இன்னொருவர் செய்து பார்க்க முடிய வேண்டும் என்பதே நோக்கம். வேறு ஆள், வேறு இடம், அதே முடிவு வருகிறதா என்று பார்ப்பதற்கு 'மறுசெய்து பார்த்தல்' என்று பெயர் வைத்துக்கொள்வோம். இரண்டு மூன்று சாட்சிகளின் வாக்கினாலே காரியம் நிலைவரப்பட வேண்டும் என்ற உபாகமம் 19:15-ன் நீதிமன்ற விதிக்கு இது தூரத்து உறவு.

கேம்பிரிட்ஜில் 1874-ல் கட்டி முடிந்த கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தின் வாசற்கதவில் சங்கீதம் 111:2 லத்தீனில் பொறிக்கப்பட்டிருக்கிறது. கர்த்தரின் செய்கைகள் பெரியவை, அவற்றில் பிரியப்படுகிறவர்களால் ஆராயப்படுகிறவை என்ற வசனம். எலக்ட்ரானைக் கண்டுபிடித்த ஜே. ஜே. தாம்சன் போன்றவர்கள் வேலை செய்த இடம் அது.

எங்கே நிற்க வேண்டும்

1 தெசலோனிக்கேயர் 5:21-க்கு முந்தைய வசனம் "தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள்" என்பது. பவுல் மனதில் ஆய்வுக்கூடம் இல்லை. சபையில் எழுந்து பேசுகிறவர்களின் வார்த்தையைச் சரிபாருங்கள் என்கிறார். அந்த வசனத்திலிருந்து அறிவியல் முறை முழுவதும் பிறந்தது என்று நான் சொன்னால், நானே சோதிக்காமல் பேசுகிறவன் ஆவேன். கிரேக்கர், அரபியர், இந்தியர், சீனர் எல்லோரும் சேர்ந்து வளர்த்த பயிர் அது. வேதம் அந்தப் பயிருக்குப் பகை இல்லை, பல இடங்களில் உரமாக இருந்தது என்பதுவரை சொல்லலாம்.

அப்புறம், எல்லாவற்றையும் இந்த முறையில் அளக்கவும் முடியாது. ஒரு மாத்திரை சர்க்கரையைக் குறைக்கிறதா என்று இரண்டு குழு வைத்துப் பார்க்கலாம். மன்னிப்பது நல்லதா, தேவன் இருக்கிறாரா என்பவற்றுக்கு அப்படிக் குழு பிரிக்க வழி இல்லை. ஆனால் இந்த வேறுபாட்டைச் சாக்காக வைத்து, அளக்க முடிகிறதையும் அளக்காமல் விடுவதுதான் நம்மிடையே நடக்கிறது. "இந்த எண்ணெயைத் தடவினால் சர்க்கரை வியாதி போய்விடும், மாத்திரையை நிறுத்துங்கள்" என்று ஒருவர் மேடையில் சொன்னால், அது அளந்து பார்க்கக்கூடிய கூற்று. ரத்தத்தில் சர்க்கரை அளவை எடுத்தால் தெரிந்துவிடும். விசுவாசம் என்ற பெயரில் அந்தக் கேள்வியை அடக்கினால், விலை கொடுப்பவர் அதை நம்பி மாத்திரையை நிறுத்திய ஒரு அம்மாதான். இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நாசா செய்தியை உரைகல்லில் தேய்த்தால்

அந்தப் பையனுக்கு நான் தனியாக அனுப்பிய விளக்கத்தை இங்கே தருகிறேன்.

உன் வீட்டுச் சுவர்க் கடிகாரம் நேற்று ஒரு மணி நேரம் நின்று, பிறகு தானாக ஓடத் தொடங்கியது என்று வைத்துக்கொள். இன்று அந்தக் கடிகாரத்தை மட்டும் பார்த்து அது நின்றதைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியாது. நிற்காமல் ஓடிய இன்னொரு கடிகாரம் வேண்டும். கிரகங்களும் அப்படித்தான். இன்றைய இடத்திலிருந்து பின்னோக்கி எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் கம்ப்யூட்டர் கணக்குப் போடும். நடுவில் ஒரு நாள் குறைகிறது என்று சொல்ல, யோசுவாவுக்கு முன்பு வானத்தை அளந்து, தேதியோடு துல்லியமாக எழுதி வைத்த ஒரு குறிப்பு வேண்டும். அப்படி ஒன்று இல்லை. கணக்குக்குப் பயன்படும் அளவு தொடர்ச்சியான பாபிலோனிய கிரகணக் குறிப்புகள் கி.மு. 8ஆம் நூற்றாண்டிலிருந்துதான் கிடைக்கின்றன. யோசுவா அதற்குப் பல நூறு ஆண்டு முந்தியவர்.

இன்னொன்று. நாசா தொடங்கியது 1958-ல். இந்தக் 'காணாமல்போன நாள்' கணக்கை அமெரிக்காவில் சார்லஸ் டாட்டன் என்பவர் 1890-லேயே எழுதிவிட்டார். கம்ப்யூட்டரும் நாசாவும் பிறகு ஒட்டிக்கொண்டவை. நாசாவும் இப்படி எதுவும் நடக்கவில்லை என்று மறுத்திருக்கிறது.

யோசுவா 10ஆம் அதிகாரத்தைப் பற்றி இது எதையும் தீர்ப்புச் சொல்லவில்லை. அந்தச் செய்தி பொய் என்று மட்டும் சொல்கிறது.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது அந்தப் பெரியவரிடம் இதையே சொன்னேன், கடிகாரக் கதையோடு. பொறுமையாகக் கேட்டார். "அப்போ தம்பி கேட்டது சரிதானா?" என்றார். "சரிதான் ஐயா" என்றேன். அன்று சாயங்காலம் குழுவில் அவரே எழுதினார்: "நான் அன்று ஆமோதித்த நாசா செய்தி உண்மை இல்லை என்று தெரிகிறது. யாரும் பகிர வேண்டாம். கேட்ட தம்பிக்கு நன்றி."